சாரலில் விட்ட கை

வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு குரங்கு கூட இல்லை. சிப்பேகோவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். அருவி பார்க்க வருகிறவர்கள் கார் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து வாழைப்பழத்தையும் பையையும் பிடுங்கிக்கொண்டு ஓடும் கூட்டம் அது. இந்தப் பூங்காவில் வழிகாட்டியாகச் சேர்ந்த நாளிலிருந்து கையில் கம்பு இல்லாமல் அவள் அந்த இடத்தைக் கடந்ததில்லை. இன்று கம்புக்கு வேலையே இல்லை.

"உங்க ஊர்ல குரங்குக்கெல்லாம் லீவு உண்டாக்கா?" என்றாள் லுவேண்டோ.

தலைநகர் லுசாகாவில் வங்கி வேலை பார்க்கும் தங்கை. அம்மா போன பிறகு சிப்பேகோவுக்கு மிச்சம் இருக்கும் ஒரே சொந்தம். அக்காவோடு நாலு நாள் இருக்க வந்தவள், காலையில்தான் ஆற்றங்கரையில் யானைகளைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். அருவி மட்டும் பாக்கி.

"இன்னிக்கு வேணாம்டி. எனக்கு மனசு சரியில்ல."

"நாளைக்குக் காலையில எனக்கு பஸ்ஸு. குரங்கு வரல, அதனால அருவி பாக்கலன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லவா?"

சிப்பேகோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடகை மழைக்கோட்டை எடுத்துத் தங்கைக்கு மாட்டிவிட்டாள். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, வழிகாட்டிகள் எல்லாரும் தங்கள் ஆட்களுக்குச் சொல்வதைச் சொன்னாள்.

"சாரலுக்குள்ள யாராச்சும் கை தட்டினா, பதிலுக்குத் தட்டக் கூடாது."

"யாரு தட்டுவா?"

"யாரும் தட்ட மாட்டாங்க. தட்டினா."

"அம்மா மட்டும் இருந்திருந்தா, மரியாதை கெட்டவளேன்னு உன் முதுகுல ரெண்டு வெச்சிருப்பா."

அது உண்மைதான். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் இன்னொருவர் முற்றத்துக்குள் சட்டென்று நுழைந்துவிட மாட்டார்கள். வேலி ஓரம் நின்று உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டுவார்கள். வீட்டுக்காரர் பதிலுக்குத் தட்டினால்தான் உள்ளே வரலாம். பதில் தட்டாமல் இருப்பதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அம்மா பாதித் தூக்கத்தில்கூடப் பதில் தட்டுவாள். மகள்களையும் அப்படித்தான் வளர்த்தாள்.

மழைக்காலம் முடிந்து சாம்பேசி ஆறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்த மாதம். பாதை திரும்பியதும், கீழே பள்ளத்தில் விழுந்த தண்ணீரெல்லாம் புகையாக மேலே திரும்பி வந்து, மரம், கைப்பிடிக் கம்பி, முன்னால் வைக்கும் கால் என்று ஒவ்வொன்றாக விழுங்க, பாசியும் அழுகிய இலையும் கலந்த வாடை மூக்கில் ஏற, அருவியின் இரைச்சல் காதில் கேட்பதை விட்டுவிட்டு நெஞ்செலும்புக்குள் அதிர ஆரம்பித்தது. சிப்பேகோ தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. லுவேண்டோ எதையோ கத்திச் சொல்லிச் சிரித்தாள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அப்போதுதான் அது கேட்டது.

மெதுவாக. குவித்த கைகளின் சத்தம். பக்கத்தில் இருப்பவளின் கத்தலே கேட்காத இடத்தில் அது மட்டும் தெளிவாகக் கேட்டது. யாரோ வயதில் மூத்தவர், பொறுமையாக, வேலி ஓரம் நின்று தட்டுவது போல.

சிப்பேகோ பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். சத்தமும் கூடவே நடந்தது. நின்றாள். அதுவும் நின்றது. பிறகு காதுக்கு அருகிலேயே, சாரலின் மறுபக்கத்திலிருந்து, மறுபடியும்.

அம்மா தட்டுவது போலவே இருந்தது.

கை தானாகப் போயிற்று. அவள் நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய கை. தட்டிவிட்டாள்.

தட்டிய பிறகுதான் தெரிந்தது. தட்ட இரண்டு கையும் வேண்டும். கம்பு கீழே கிடந்தது. தங்கையின் கையை விட்டிருந்தாள்.

"லுவேண்டோ!"

துழாவினாள். கம்பி. சாரல். வெறும் சாரல். பிறகு ஒரு கை வந்து அவள் கைக்குள் நுழைந்தது. சில்லென்று இருந்தது. நனைந்தால் சில்லிடத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாரலை விட்டு வெளியே வந்தபோது வெயில் அடித்தது. லுவேண்டோ தொப்பியைக் கழற்றவில்லை. பேசவும் இல்லை. காரில் வரும் வழியெல்லாம் அவள் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. குளிருதா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கையை மட்டும் விடவில்லை. சிப்பேகோ ஒற்றைக் கையால் ஓட்டினாள்.

பொழுது சாயும் நேரம். பூங்காக் குடியிருப்பிலிருந்த அவள் வீட்டில், காலையில் கிண்டிய சோளக்களியும் கபெண்டா கருவாடும் மேசையில் அப்படியே இருந்தன. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் தண்ணீர் பரவியது. பாசி வாடை.

வேலி ஓரத்தில் யாரோ கை தட்டினார்கள்.

வேகமாக. பதறிப் பதறி.

"அக்கா! நாந்தாங்க்கா. கையை விட்டுட்டுப் போயிட்டியே. தட்டுக்கா. நீ தட்டாம என்னால வர முடியலக்கா."

லுவேண்டோவின் குரல்.

சிப்பேகோ பலம் கொண்டமட்டும் கத்தினாள். "உள்ள வாடி! வந்துடு!"

"ஒண்ணும் கேக்கலக்கா. ஒரே தண்ணிச் சத்தம். தட்டுக்கா."

தட்டினால் போதும். தங்கை வந்துவிடுவாள். சிப்பேகோ இடது கையை இழுத்தாள். வரவில்லை. சில்லிட்ட விரல்கள் இன்னும் இறுகின. வலது கையைத் தூக்கினாள். அந்தச் சத்தமாவது கேட்கட்டும் என்று மேசையை ஓங்கி அடிக்கப் போனாள்.

தொப்பிக்குள் இருந்தது அவள் பக்கம் திரும்பியது. நிதானமாக, மரியாதையாக, அந்தக் கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது.

வெளியே லுவேண்டோ தட்டிக்கொண்டே இருந்தாள்.