பேட்டரித் தட்டில் எள்

சேதுபதியின் வேனை ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்து, அக்காள்மடத்தில் கீர்த்தனியின் வாட்டர் வாஷ் கடை முன்னால் நிறுத்தியபோது காலை பத்து மணி. முந்தாநாள் மாலை இதே வேன் இங்கிருந்து தானே உறுமிக்கொண்டு போனது.

மழித்த தலையோடு சேதுபதி இறங்கினார். கடலாடிக்காரர். காலமான தகப்பனாரின் அஸ்தியைக் கரைக்கக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்தவர்.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? நேத்து ஊருக்குத் திரும்பும்போது பாம்பன் பாலத்து நடுவுல வண்டி செத்துப்போச்சு. பொண்டாட்டி புள்ளைகளோட ஒரு மணி நேரம் நின்னேன். முன்னாலயும் பின்னாலயும் ஊரே ஆரன் அடிக்குது!"

"நான் கழுவின எஞ்சின் நிண்டு போகாது, அண்ணை," என்றாள் கீர்த்தனி. கையிலிருந்த ஈரத் துணியை இறுக்கிப் பிழிந்தாள்.

பாலத்தில் வேன் நின்ற செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டது. ஓர் அறக்கட்டளையின் மூன்று ஆம்புலன்ஸ்களையும் அடுத்த வாரம் முதல் அவள்தான் பராமரிப்பதாக இருந்தது. அதன் செயலாளர் ஜுமானா காலையிலேயே போன் செய்திருந்தார். "நோயாளியோட பாலத்துல நின்னா என்ன ஆகும் கீர்த்தனி? இந்த விஷயம் தெளிவாகட்டும். சாயங்காலம் சொல்லு." மண்டபம் அகதி முகாமில் பிறந்து, ஐந்து வருஷமாக ஒவ்வொரு வண்டியாகக் கழுவிச் சம்பாதித்த பேர் அது. அதற்கு இன்று சாயங்காலம்வரைதான் கெடு.

டிராக்டருக்குப் பின்னாலேயே ஒரு கார் வந்து நின்றது. சேதுபதி வரச்சொல்லியிருந்த இன்சூரன்ஸ் சர்வேயர் உமாமகேஸ்வரி இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர், எதையும் இரண்டு முறை பார்ப்பவர். அவருடைய உதவியாளர் இமானுவேல் எதையும் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுபவர்.

"பானெட்டைத் திறங்க," என்றார் உமாமகேஸ்வரி.

ஓட்டுநர் தங்கப்பாண்டி முன்னால் வந்தார். நரைத்த மீசை. வண்டியருகே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு நின்று பானெட்டைத் தூக்கினார். வெயிலில் சிமெண்ட் தரை கொதித்தது. 'இவருக்குக் கால் சுடாதா?' என்று கீர்த்தனி நினைத்தாள்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணாடிபோலத் துடைத்துவிட்ட என்ஜின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் விளிம்பில் பூத்துக் கிடந்தது உப்பு.

இமானுவேல் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பேதான்! அக்கா, முடிஞ்சது கேஸ். இங்கன போர்த் தண்ணி பூரா உப்பு. அதை அடிச்சிருக்காங்க."

"ஏலே இமானுவேலு, பேட்டரித் தண்ணியா இருந்திருந்தா உன் கேசும் சேர்ந்து முடிஞ்சிருக்கும். கையைக் கழுவு," என்றார் உமாமகேஸ்வரி. பிறகு கீர்த்தனியிடம் திரும்பினார். "நீ எப்படிக் கழுவுவம்மா? முதல்லேருந்து சொல்லு. அவசரமில்ல."

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கீர்த்தனி நிமிர்ந்தாள்.

"எஞ்சின் ஆறவேணும், அக்கா. உள்ளங்கையை வைச்சு இருபது எண்ணுமட்டும் எடுக்காமல் இருக்க முடிஞ்சால்தான் தண்ணி. சூட்டில பச்சைத் தண்ணி பட்டால் இரும்பே வெடிக்கும். பிறகு பேட்டரியின்ர மைனஸ் வயரைக் கழட்டுவன். டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ், காத்து இழுக்கிற குழாய் எண்டு ஏழு இடத்துக்குப் பாலித்தீன் பை போட்டு வலை நூலால கட்டுவன். முதலில காத்தடிச்சு மண்ணைப் போக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பும் பிரஷும். தண்ணி குறைஞ்ச வேகத்தில, ரெண்டு கை தூரம் தள்ளி நிண்டுதான் அடிப்பன். திரும்பக் காத்தடிச்சு ஈரத்தை விரட்டி, பைகளை எண்ணி எடுப்பன். ஏழு போனால் ஏழு வரவேணும். அரை மணித்தியாலம் வெயிலில திறந்து விட்டு, வயரை மாட்டி, பத்து நிமிஷம் ஓட விட்டுத்தான் சாவியைக் குடுப்பன். எஞ்சினுக்குப் போர்த் தண்ணி தொடவே மாட்டன். அது டயருக்கு மட்டும்." மூலையில் இருந்த நீலத் தொட்டியைக் காட்டினாள். "இது லாரியில வாற குடிதண்ணி."

"வாயால சொல்றதுக்கென்ன!" என்றார் சேதுபதி.

"நியாயந்தான்," என்றார் உமாமகேஸ்வரி. "அதனால அவ வாயை விட்டுடுவோம். வண்டியக் கேட்போம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் என்ஜின் மேல் குனிந்தார். பேட்டரிக்குக் கீழே இருந்த தட்டின் மூலையில் டார்ச் வெளிச்சம் நின்றது. இமானுவேல் படம் எடுத்தார். பிறகு உமாமகேஸ்வரி சாதாரணமாகக் கேட்டார்: "நேத்து காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சாய்யா?"

"முடிஞ்சது. விடியக்காலம் அக்னி தீர்த்தத்துல அஸ்தி கரைச்சு, பிண்டம் போட்டு, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டுத்தான் வந்தோம்."

"எள்ளு, தர்ப்பையெல்லாம் ஊர்லேருந்தே கொண்டாந்தீங்களா?"

"இல்ல, அங்கன கரையிலதான் வாங்குனேன். ஏன் கேக்குறீங்க?"

"நீங்க தீர்த்தமாடப் போனப்ப வண்டிச் சாவி யாருகிட்ட?"

"தங்கப்பாண்டியண்ணன்கிட்டதான். இருபத்திரண்டு வருஷமா எங்க அய்யா வண்டிச் சாவி அவருகிட்டதான்."

உமாமகேஸ்வரி எல்லோரையும் அருகே அழைத்தார். தட்டின் மூலையில் வெள்ளை உப்புப் பொருக்கு. அதற்குள் வடைமாவில் மிளகு பதிந்ததுபோலச் சில கறுப்புப் புள்ளிகள்.

"எள்ளு," என்றார். "உப்புக்கு மேல கிடக்கல, உப்புக்குள்ள உறைஞ்சு கிடக்கு. அப்படின்னா உப்புத் தண்ணி காயும்போதே எள்ளு அதுல இருந்திருக்கு. இந்தப் பொண்ணு கழுவுனது முந்தாநாள். எள்ளு வாங்குனது நேத்து. அப்ப இந்தத் தண்ணி இவ ஊத்துனதா இருக்க முடியாது. இன்னொண்ணும் பாருங்க. கோடெல்லாம் மேலேருந்து நேராக் கீழ இறங்குது. ஹோஸ்ல அடிச்சா நாலா பக்கமும் சிதறியிருக்கும். இது சொம்புல மொண்டு, நிதானமா ஊத்துன தண்ணி. கடல் தண்ணி."

"உடனே நிக்காம, பாலத்துல போயா நிக்கணும்?" என்றார் இமானுவேல், தன் கேஸைச் சுலபத்தில் விட மனமில்லாமல்.

கீர்த்தனிக்குச் சட்டென்று விளங்கியது. "சூட்டில தண்ணி காய்ஞ்சிருக்கும், உப்பு தங்கியிருக்கும். உப்பு சும்மா கிடக்காது, காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். பாலத்தில ரெண்டு பக்கமும் கடல் காத்து. ஈர உப்பில கரண்ட் ஓடும். ஓடக் கூடாத இடத்தில ஓடினால் எஞ்சினுக்குப் போற கரண்ட் செத்துப்போம்."

"அதேதான்," என்றார் உமாமகேஸ்வரி. அவர் பார்வை தரையில் ஓரமாகக் கிடந்த செருப்பின் மேல் நின்றது. "இந்த வெயில்ல செருப்பைக் கழட்டிட்டு பானெட்டைத் தொடுறவரு ஒருத்தர்தான் இங்கன இருக்காரு. வண்டியை அவரு கெடுக்க நினைச்சிருக்க மாட்டாரு. என்ன தங்கப்பாண்டியண்ணே?"

தங்கப்பாண்டி தலை குனிந்தார்.

"அய்யாவை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அஸ்தியையும் இந்த வண்டிலதான் கொண்டாந்தோம். எல்லாரும் முழுக்குப் போட்டாக, வண்டி மட்டும் போடல. நான் பெத்த புள்ளையா, பங்காளியா? என்ன முறைன்னு சொல்லி எள்ளும் தண்ணியும் இறைப்பேன்? எலையில மிச்சம் கிடந்த எள்ளை எடுத்து, சொம்புல கடல் தண்ணி மொண்டாந்து இதுக்குத்தான் ஊத்துனேன். இதானே அய்யாவுக்கு நெஞ்சு மாதிரி..." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதனாலதான் நின்னுச்சுன்னு சத்தியமா எனக்குத் தோணலம்மா. தீர்த்தம் கெடுதல் பண்ணுமா?"

சேதுபதி மழித்த தலையை ஒரு முறை தடவிக்கொண்டார். பிறகு கீர்த்தனியின் பக்கம் திரும்பினார். "தாயி, தப்பாப் பேசிட்டேன். நாலு பேரு முன்னாடி சொன்னதை நாலு பேரு முன்னாடியே திருப்பி வாங்கிக்கிறேன்."

கீர்த்தனி தலையசைத்துவிட்டு, என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து இருபது எண்ணினாள். மைனஸ் வயரைக் கழற்றினாள். முதலில் கிடுக்கியால் எள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் சேர்த்தாள். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, ரிலேக்களைக் கழற்றி, அவற்றின் உலோகக் கால்களில் படிந்த உப்பை ஸ்பிரே அடித்துத் துடைத்தாள். ஏழு பை கட்டி, நல்ல தண்ணீரால் என்ஜினைக் கழுவி, ஏழு பை எடுத்தாள். வெயில் தன் அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது.

"சாவியைப் போடுங்கோ," என்றாள், மைனஸ் வயரைத் திரும்ப மாட்டிவிட்டு.

முதல் திருப்பிலேயே வேன் உறுமியது. இமானுவேல் தன்னையறியாமல் கை தட்டினார்.

எள் மடித்த காகிதத்தை அவள் தங்கப்பாண்டியிடம் நீட்டினாள். "தீர்த்தம் கெடுதல் செய்யாது, அண்ணை. டயருக்கு ஊத்துங்கோ, பிறகு நல்ல தண்ணியால கழுவிவிடுங்கோ. எஞ்சினை மட்டும் கையால தொட்டுக் கும்பிடுங்கோ, போதும்."

அவர் வாங்குவதற்குள் சேதுபதி குறுக்கே வந்தார். "வண்டியைக் கடலுக்கு விடுங்கண்ணே. ஊருக்கு அப்புறம் போவோம். இன்னைக்கு நீங்க இறைங்க, நான் கரையில நிக்கிறேன்."

வேன் கிழக்கே திரும்பிப் போனது. ராமேஸ்வரம் திருப்பத்தில் மறையும்வரை அதன் சத்தம் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

உமாமகேஸ்வரியின் அறிக்கை நகல் பிற்பகலில் ஜுமானாவுக்குப் போனது. சாயங்காலம் போன் வரவில்லை. அடுத்த வாரம்வரை காத்திராமல் மூன்று ஆம்புலன்ஸ்களும் வரிசையாக வந்து நின்றன. முதல் வண்டியில் ஜுமானாவே இருந்தார்.

"ஒரு மாசமா உப்புக் காத்துல ஓடுன வண்டி. சீக்கிரம் ஆரம்பி கீர்த்தனி."

கீர்த்தனி பானெட்டைத் தூக்கினாள். உள்ளங்கையை வைத்தாள். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள்.

"ஆறட்டும், அக்கா," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அதுவரைக்கும் நீங்களும் இருங்கோ."

யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாத ஜுமானா, உட்கார்ந்தார்.