பதினோரு வேலிக்கால்

தரைக்கு மேலே நான்கடி நிற்கும் வேலிக்கால் மண்ணுக்குள் இரண்டடி இருந்தால் அது நியாயம். இரண்டரை இருந்தால் நட்டவன் நல்லவன். முதல் கால் மண்ணுக்குள்ளிருந்து ஆறடி வந்த பிறகும் இன்னும் வந்துகொண்டிருந்தபோது, பழைய இரும்புக் கடைக்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு மூக்கைச் சொறிந்தார். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைக் கண்டுபிடித்தே பிழைத்த மனிதர் அவர். எதுவும் குறைந்தால் கோபம் வரும். கூடினால் சந்தேகம் வரும்.

கருவி அவரே செய்தது. தடித்த பலகைமேல் பழைய லாரி ஜாக்கி, அதன் தலையில் பற்றவைத்த கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு சங்கிலிச் சுருக்கு. சுருக்கைக் காலில் மாட்டிக் கைப்பிடியை அமுக்க அமுக்க, சங்கிலி இறுகி, மண் முனகி, கால் மேலே வரும். ஒரு சாண் வந்ததும் சுருக்கைக் கீழே தள்ளி மறுபடி.

"பல் டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் நீங்க," என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"பல் டாக்டர் மயக்க ஊசி போடுவான். நமக்கு அந்தச் செலவு இல்ல."

கடையை விற்றுத்தான் இந்த வீட்டை வாங்கியிருந்தார்கள். இனி இருவருக்கும் போக்கிடம் வேறில்லை. பின்பக்கத்து மரக்கால் முள்கம்பி வேலியை எடுத்துவிட்டு மதில் எழுப்பினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது அவர் கணிப்பு.

எல்லையின் அந்தப் பக்கம், தனியாக வாழும் ஓய்வுபெற்ற தபால்காரர் வந்து நின்றார். குழியைப் பார்க்கவில்லை, குழிக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தார்.

"அண்ணே, எடுத்தது போகட்டும். மத்ததை விட்டுடுங்க. என் பக்கத்துல ரெண்டடி எடுத்துக்கிட்டு அங்க மதில் கட்டிக்கோங்க."

"ஏன், உள்ள எதாவது புதைச்சு வெச்சிருக்கீங்களா?"

"நான் ஒண்ணும் வெக்கல."

கடைக்காரர் சிரித்து அனுப்பினார். உள்ளுக்குள் வேறு ஓடியது. கேட்காமலே இரண்டடி நிலம் தருகிறவன் ஏமாளியாக இருக்க முடியாது. இது வியாபாரத்தின் முதல் விலை, அவ்வளவுதான். இன்னும் ஏறும்.

மறுநாள் ஐந்து கால்களைப் பிடுங்கினார். ஒவ்வொன்றும் ஒன்பதடி, பத்தடி. ஈர மண்ணோடு ஒரு வாடை வந்தது, நாள்பட்ட புண்ணின் கட்டை அவிழ்த்தால் வருமே, அந்தச் சூடான வாடை. மேலே மூன்று வரிசை முள்கம்பி இருந்த இடத்தில், மண்ணுக்குள் ஏழு வரிசை இருந்திருக்கிறது. அறுந்த நுனிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்பு அவருக்குப் பொய் சொன்னதே இல்லை. இத்தனை வருடம் மண்ணில் கிடந்த கம்பி துருப்பிடித்துத் தூளாகியிருக்க வேண்டும். இது பளபளத்தது. எதுவோ அன்றாடம் உரசிக்கொண்டே இருந்தால் மட்டும் இரும்பு அப்படிப் பளபளக்கும்.

ஆணிகள் எல்லாம் தபால்காரர் வீட்டைப் பார்த்த பக்கத்தில் அடிக்கப்பட்டிருந்தன. மாடு எந்தப் பக்கமிருந்து முட்டுமோ, அந்தப் பக்கம்தான் கம்பி அடிப்பார்கள்.

மாலையில் தபால்காரர் மறுபடி வந்தார். "தோட்டம் முழுசா எடுத்துக்கோங்க."

"தோட்டம் மட்டும்தானா?" என்றார் கடைக்காரர், வாய்ப் பழக்கத்தில்.

அந்த மனிதர் திரும்பித் தன் வீட்டை நோக்கி நடந்தார். நடையில் ஏதோ பிசகு. ஒவ்வொரு அடியையும் தரை தாங்குமா என்று தொட்டுப் பார்த்து வைப்பவரைப் போல.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் பத்து முடிந்தது. தபால்காரர் வரவில்லை. பேரம் பேசுகிறவன் திடீரென்று வராமல் போனால் விலை கைநழுவுகிறது என்று அர்த்தம். பதினோராவது காலை விட்டு வைத்தார். உச்ச விலைக்கு அதை விற்றுவிடலாம், மனிதரிடம் விஷயத்தையும் கறந்துவிடலாம் என்று, பொழுது சாயும் நேரத்தில் குழிகளைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனார்.

கதவு திறந்திருந்தது. பூட்டும் சாவியும் நிலைப்படியில். சாவிக்கு அடியில் ஒரு அஞ்சலட்டை, முத்துமுத்தான கையெழுத்து: *வீடும் உங்களுக்கே. கடைசி ஒன்றையாவது விட்டுவிடுங்கள்.*

உள்ளே நாற்காலி, கட்டில், பீரோ எல்லாம் நான்கு சுவர்களோடு ஒட்டிக் கிடந்தன. நடுக்கூடத்தில் எதையும் வைத்திருக்கவில்லை. அங்கே தரை கிண்ணம் போல உள்வாங்கியிருந்தது. தரையோடுகள் உடைந்த விளிம்பு வெள்ளை வெளேரென்று, புதிதாக. குனிந்து கையை வைத்தார். கதகதப்பாக இருந்தது, ஆள் எழுந்துபோன மெத்தையைப் போல.

எழுந்துபோயிருக்கிறது.

வெளியே வந்தார். காற்றில்லை. பறவை இல்லை. தனியே நின்ற அந்த ஒற்றைக் கால் மட்டும் மெல்ல ஆடி நின்றது. ஆறாவது குழிக்கும் ஏழாவது குழிக்கும் நடுவில் மண் மேடிட்டிருந்தது. போகும்போது அது இல்லை. நிச்சயமாக இல்லை. ஒரு மாட்டுவண்டி அகலம். மேடு எல்லையைத் தாண்டி, துணி உலர்த்தும் கொடியைத் தாண்டி, அவர் வீட்டுச் சுவர்வரை நேராகப் போயிருந்தது.

சுவரோடு நின்றுவிட்டது.

கிடந்த கால் ஒன்றைத் தூக்கி ஏழாவது குழியில் இறக்கினார். திரும்ப நட்டுவிடலாம். எல்லாவற்றையும் நட்டுவிடலாம். தபால்காரர் தந்த நிலமும் வேண்டாம், வீடும் வேண்டாம். கால் இறங்கிக்கொண்டே போனது. பத்தடியும் போனது. கை நழுவியது. விழுந்த சத்தம் வரவில்லை.

"என்னங்க!" மனைவியின் குரல். "கீழ என்ன தட்டிக்கிட்டு இருக்கீங்க? பாத்திரமெல்லாம் ஆடுது."

"நான் தட்டல. வெளிய வா."

"அடுப்புல பால் இருக்கு."

"பாலை விடு! வா!"

"நல்லா இருக்குங்க உங்க கூச்சல்," என்று சிரித்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தாள். விளக்கு அவளுக்குப் பின்னால் எரிந்தது. கையில் கரண்டி. குள்ளமான பெண். மேல்தட்டு டப்பாவுக்கு அவரைத்தான் கூப்பிடுவாள்.

வாசலில் நின்றபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பால் விலையோ, பக்கத்து வீட்டுக்காரரோ. அவர் காதில் எதுவும் விழவில்லை. அவளுடைய உச்சந்தலைக்கும் கதவு நிலைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது.

பிறகு ஒரு சாண்.

அவள் கால்கள் தரையில்தான் இருந்தன; தரைதான் எழும்பிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. சிரிப்பும் நிற்கவில்லை. நான்கு விரல். இரண்டு. அவள் பேசிக்கொண்டே, தலைமுடியில் ஏதோ உரசுவதை ஈ என்று நினைத்து, கரண்டியால் மெல்லத் தட்டிவிட்டாள்.