தடுமாறாத கைகள்

ஊர்க் கூடத்தின் வாசலில் நானும் ரியோசுகேயும் செருப்பைக் கழற்றியபோது மதியம் ஒரு மணி இருக்கும். உள்ளே மண்ணெண்ணெய்க் கணப்பின் வாடை. அதன் மேல் யாரோ அப்பிவந்த முகப்பவுடரின் வாசனை. எங்கள் துறைமுகத் தெரு மன்றத்தின் ஆண்டுக் கலைநிகழ்ச்சிக்கு வருடா வருடம் இதே வாடைதான்.

“வந்தாச்சுப்பா, நம்ம ஜோடி!” என்று மன்றத் தலைவி தோகி அக்கா கூவினார். “இந்த வருஷமாவது ஜனங்கள சிரிக்க வைங்க. போன தடவை பல் டாக்டர் சோகப்பாட்டு பாடினாரே, அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க.”

எங்கள் உருப்படி இருவர் அங்கி. முன்னால் ஒருவர் மண்டியிட்டு, கைகளை மடியில் மறைத்துக்கொள்வார். பின்னால் ஒருவர் அதே பெரிய அங்கிக்குள் நுழைந்து, தன் கைகளைச் சட்டைக்கைகளில் விடுவார். கண் தெரியாத அந்தக் கைகள் முன்னால் இருப்பவருக்கு ஊட்டவேண்டும். நூடுல்ஸ் மூக்கில் ஏறும், பவுடர் காதில் அப்பும். தவறுவதுதான் வேடிக்கை.

ஏழு வருடம் என் பின்னால் இருந்தது என் கணவர் கென்கிச்சி. இரண்டு வருடம் முன்பு, விடியற்காலையில் தனியே கடலுக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. படகில் பங்குதாரரான ரியோசுகே அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாராம். அதற்குப் பிறகு என் கூரையைச் சரிசெய்தவரும் அவர்தான். என் பனிக்கால விறகை அடுக்கியவரும் அவர்தான். போன மாதம் தயங்கித் தயங்கி என்னைத் திருமணத்துக்குக் கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சரி என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன்.

போன வாரம் ஒத்திகையில் அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

“சாப்பாட்டுல கென்கிச்சிய யாரு மிஞ்சுறது? அன்னைக்குக்கூட மூணு சோத்துருண்டைய மூச்சு விடாம முழுங்கினாரே!”

எப்போதும் நான் கட்டிக்கொடுப்பது இரண்டு. சோறு மீந்ததால் மூன்று வைத்தது அந்தக் கடைசி நாள் மட்டும்தான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேடைக்குப் பின்னால் மெல்லக் கேட்டேன். “ரியோசுகே சான், அன்னைக்கு உங்களுக்கு எவ்வளவு காய்ச்சல்?”

“எந்தக் காய்ச்சல்?” என்றார். பிறகு அவசரமாக, “ஓ, அதுவா... முப்பத்தொன்பது இருக்கும். நமக்கு முன்னாடி இன்னும் ரெண்டு உருப்படி இருக்கு. ஒரு தம் போட்டுட்டு வந்துடறேன், மிசாவோ சான்.”

பின்கதவு சாத்திக்கொண்டது. என் கண்ணை அவர் பார்க்கவேயில்லை.

சற்று நேரத்தில் தோகி அக்கா ஓடிவந்தார். “டாக்டருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, நாட்டியக் குழுவுல ரெண்டு பேரு இன்னும் வரல. நீங்கதான் அடுத்தது. உக்காரு, உக்காரு!” என் தோளில் அங்கியைப் போர்த்திவிட்டுத் திரைக்கயிற்றைப் பிடிக்க ஓடினார்.

“அவர் வெளியில...” என்று நான் ஆரம்பிக்கும்போதே அங்கியின் பின்பக்கம் உயர்ந்தது. ஒருவர் உள்ளே வந்து என் முதுகோடு மண்டியிட்டார். வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சிகரெட் வாடை இல்லை.

திரை விலகியது. கைதட்டல். சட்டைக்கைகளிலிருந்து இரண்டு கைகள் நீண்டன. வெளுத்து, விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தன.

வழக்கப்படி கத்தினேன். “வலது பக்கம்! இன்னும் மேல!”

வலது கை என் முன்னால் வைத்திருந்த சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தது. நூடுல்ஸை அள்ளி, ஒரு சொட்டு சிந்தாமல் நேராக என் வாயில் வைத்தது.

யாரும் சிரிக்கவில்லை.

மறுபடியும் ஒரு வாய். மறுபடியும் குறி தவறவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை கேட்டது: “ஏம்மா தப்பாவே பண்ண மாட்டேங்கறாங்க?”

ஒருமுறை என் இரண்டு கைகளிலும் கொதிநீர் கொட்டி, ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தேன். கடலுக்குக் கிளம்புமுன், என் கண் கூசும் என்று விளக்கைப் போடாமல், இருட்டிலேயே கென்கிச்சி எனக்கு ஊட்டுவார். ஒரு பருக்கை சிந்தியதில்லை. மேடையில் மட்டும் வேண்டுமென்றே தவறவிடுவார்.

என் முதுகில் மூச்சுக்காற்று படவே இல்லை.

“நீங்களா?” என்று உதடு அசையாமல் கேட்டேன்.

இடது கை ஒரு கணம் என் கன்னத்தைத் தொட்டது. அத்தனை குளிர்ச்சி. பிறகு நூடுல்ஸுக்குப் பக்கத்தில் இருந்த சோற்றுக் கிண்ணத்தை இழுத்தது. வலது கை குச்சிகள் இரண்டையும் சோற்றின் நடுவில் செங்குத்தாக நட்டது. கூடம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. அப்படி நடுவது செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தான். விளையாட்டுக்கும் எவரும் செய்யமாட்டார்கள்.

கிண்ணத்தைக் கைகள் மெல்ல மேடையின் விளிம்புக்குத் தள்ளின. பக்கக் கதவை நோக்கி.

கதவருகே, பாதி எரிந்த சிகரெட்டோடு ரியோசுகே நின்றிருந்தார்.

எல்லாத் தலைகளும் அவரைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன. பிறகு, என் முன்னால் நீண்டிருந்த கைகளை.

சிகரெட் கீழே விழுந்தது.

“நான் போட்லதான் இருந்தேன்,” என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. “தவறி விழுந்தாரு. அவரு கை என் கையிலதான் இருந்துச்சு. அலை இழுக்கல, மிசாவோ சான். நான்தான் விட்டேன். அந்த ஒரு நொடி... உங்கள நினைச்சுட்டேன்.”

அவர் ஒரு மாதமாகக் காத்திருந்த பதிலை அங்கேயே, மண்டியிட்டபடியே சொன்னேன். ஒரே சொல். “வேண்டாம்.”

தோகி அக்கா அங்கியைத் தூக்கினார். என் பின்னால் யாரும் இல்லை. வெறும் பலகைத் தரை.

அன்று மாலையே ரியோசுகே தானாகக் காவல் நிலையத்துக்கு நடந்துபோனார். அடுத்த ஆண்டிலிருந்து இருவர் அங்கியை நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த அங்கியைக் கோயிலில் கொடுத்து எரித்தும் ஆயிற்று.

ஆனாலும் குளிர்காலக் காலைகளில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் என் கோட்டை மாட்டும்போது, சில நாள் என் கை பாதிக்கு மேல் போவதில்லை.

உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருக்கிறது.

நான் உடனே என் கையை எடுத்துக்கொள்வதில்லை.