மால்தேயின் இடது பக்கம்

விடாருக்குச் சின்னம்மை போட்டிருந்தது. அதனால் புதன்கிழமை ஐஸ் ஹாக்கிப் பயிற்சிக்கு ஒன்பது குழந்தைகள்தான் வந்திருந்தார்கள். ஒன்பது பேரை எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து.

நான்கு பேர் அணிக்குப் போக யாரும் தயாராக இல்லை. போன வாரமும் தான்தான் போனதாக ஆல்வார் முறையிட்டான். அது பொய் என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பயிற்சியாளர் ரக்னா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சண்டை முடிந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பத்து வயது ஹெட்விக் மட்டும் சண்டையில் சேரவில்லை. ஹாக்கி மட்டையில் சாய்ந்தபடி அரங்கின் மறுபாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஓர் உயரமான மனிதர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவர் மால்தே சுந்த்க்விஸ்ட். ஸ்டூர்நெஸ் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பால் லாரி ஓட்டுநரின் மகன். ஐந்து வயதில் இதே அரங்கில்தான் முதல்முறை ஸ்கேட்ஸ் மாட்டினார். பத்தொன்பது வயதில் நாட்டின் முதல் லீக்குக்குப் போனார். சுவீடன் தேசிய அணியின் மஞ்சள் சட்டையைப் போட்டு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். மூன்று வருடம் சுவிட்சர்லாந்தில் ஆடிவிட்டு, ஊர் அணிக்கே திரும்பி வந்தார்.

போன குளிர்காலத்தில் ஓர் ஆட்டத்தில் அவர் ஓரப் பலகையில் போய் மோதினார். இடது முழங்காலின் தசைநார் கிழிந்துபோனது. பதினோரு மாதம் ஆடவே இல்லை. அவருடைய ஒப்பந்தம் இந்த வசந்தத்தோடு முடிகிறது.

"எதுக்கு அவரையே பாக்குற?" என்று கேட்டான் ஆல்வார். "அவர் கதை முடிஞ்சுபோச்சுன்னு எங்க அப்பா சொல்றார்."

"உங்க அப்பா ஸ்கேட்ஸ் போட்டா நிக்கவே மாட்டார். அவர் சொல்றாராக்கும்," என்றாள் ஹெட்விக்.

ஆல்வாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ஹெட்விக் ஒன்றைக் கவனித்திருந்தாள். மால்தே வலது பக்கம் திரும்பும்போது பனித்தூள் பறக்கிறது. இடது பக்கம் என்றால் மட்டும் மெதுவாக, பெரிய வட்டம் போட்டுச் சுற்றி வருகிறார். சாமான் ஏற்றிய வண்டி போல.

அது அவளுக்குப் பழக்கப்பட்ட விஷயம். இரண்டாம் வகுப்பில் அவள் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த டாக்டர், கை நன்றாக ஆகிவிட்டது என்றார். கை ஆகிவிட்டது, பயம் ஆகவில்லை. இரண்டு மாதம் அந்தக் கையால் ஒரு கரண்டியைக்கூடத் தூக்கவில்லை. அப்புறம் ஒருநாள் பள்ளி மைதானத்தில் பனிப்பந்துச் சண்டை. ஆல்வார் அவள் கழுத்துக்குள் பனியைப் போட்டுவிட்டான். வந்த கோபத்தில் ஏழு பந்துகளை எறிந்தாள். ஏழாவது பந்து போன பிறகுதான், எந்தக் கையால் எறிந்தோம் என்று பார்த்தாள்.

ஹெட்விக் நேராகச் சறுக்கிப்போய் மால்தே முன்னால் நின்றாள்.

"எங்களுக்கு ஓர் ஆள் குறையுது. ஆட வர்றீங்களா?"

அவர் சிரித்தார். "நான் உங்களைவிடக் கொஞ்சம் உயரமாச்சே."

"பரவாயில்ல, நாங்க சமாளிச்சுக்குவோம்," என்றாள் ஹெட்விக்.

மால்தே ரக்னாவைப் பார்த்தார். ரக்னா தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான், அரங்கமே அதிர்ந்தது. மால்தே நான்கு பேர் அணியில் சேர்ந்ததும், எல்லாரும் அந்த நான்கு பேரில் ஒருவராக இருக்க அடித்துக்கொண்டார்கள். ஆல்வார்தான் முதலில் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றான். ஹெட்விக் எதிர் அணிக்குப் போனாள்.

ஆட்டம் தொடங்கியது. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு மால்தேயின் மட்டையில் ஒட்டிவைத்தது போல் வந்தது. ஹெட்விக் குனிந்தாள், அவருடைய இடது பக்கமாகப் புகுந்தாள், பக்கைத் தட்டிக்கொண்டு பறந்தாள்.

அவர் திரும்புவதற்குள் கோல் விழுந்துவிட்டது.

அடுத்த முறையும் அதே இடது பக்கம். மறுபடியும் கோல். மூன்றாவது தடவை அவருடைய காலுக்கு நடுவிலேயே பக்கை விட்டு எடுத்து, இடது பக்கமாக ஓடினாள். குழந்தைகள் பனியில் விழுந்து சிரித்தார்கள். மால்தே தன் அணியின் மானத்தை வாங்குகிறார் என்று ஆல்வார் புலம்பினான்.

"சுவிட்சர்லாந்துல எல்லாம் இவ்வளவு மெதுவாத்தான் ஆடுவாங்களா?" என்று ஹெட்விக் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

மால்தேயின் காது சிவந்தது. அவர் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கை விட்டுவிடக் கூடாது என்ற வெறிதான் இருந்தது.

நான்காவது முறை ஹெட்விக் அவருடைய இடது பக்கம் பாய்ந்தாள். அதற்குள் சர்ரென்று ஒரு சத்தம். பனித்தூள் அவள் முகமெல்லாம் தெறித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மட்டையில் பக் இல்லை. மால்தே இடது காலை ஊன்றிச் சுழன்று, பக்கைப் பறித்துக்கொண்டு அரங்கின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தார்.

கோல் போட்டுவிட்டு மால்தே அப்படியே நின்றார். குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு ஹெட்விக்கைப் பார்த்தார். இடது பக்கமாக இன்னொரு முறை சுழன்று பார்த்தார். அப்புறம் இன்னொரு முறை.

அன்று ஹெட்விக்கின் அணி பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றது. அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊரே அரங்கத்தில் இருந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றால் ஸ்டூர்நெஸ் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். இரண்டு வீரர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மால்தேக்கு இடம் கிடைத்திருந்தது. ஹெட்விக்கும் ஆல்வாரும் கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் இரண்டு பகுதிகளில் மால்தே அதிகம் ஆடவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பகுதியில் இரண்டுக்கு இரண்டு. மணி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம்தான் மிச்சம் இருந்தபோது மால்தே தடுப்பைத் தாண்டி ஐஸில் குதித்தார்.

பக் அவரிடம் வந்தது. அவர் வலது ஓரமாகச் சீறிக்கொண்டு போனார். எதிரணிக்காரர்கள் இருவர் அவரைத் துரத்தினார்கள். அவர் இடது பக்கம் திரும்ப மாட்டார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவர் எப்படியும் நிற்கத்தான் வேண்டும் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்கள். எதிரணிக் கோல் கீப்பரும் மால்தே வந்த பக்கத்துக் கோல் கம்பத்தை அணைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"திரும்புங்க," என்று ஹெட்விக் முணுமுணுத்தாள். அவளுக்கே அது கேட்கவில்லை.

மால்தே நிற்கவில்லை. கோலுக்குப் பின்னால் புகுந்தார். இடது காலை அழுத்தி ஊன்றினார். பனி பறந்தது. ஒரே சுழற்சியில் வலையைச் சுற்றி மறுபக்கம் வெளியே வந்து, கோல் கீப்பர் திரும்புவதற்குள் பக்கை உள்ளே தள்ளிவிட்டார்.

மூன்றுக்கு இரண்டு!

அப்புறம் நடந்தது யாருக்கும் சரியாக நினைவில்லை. யாரோ தூக்கி எறிந்த காப்பிக் குவளை ஆல்வாரின் தலைமேல் கவிழ்ந்தது, அவன் அதைத் துடைக்கவே இல்லை. மிச்சமிருந்த நேரம் முழுக்க ஊர் நின்றுகொண்டே கத்தியது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியதும் மால்தே கண்ணாடித் தடுப்புப் பக்கம் வந்தார். ஹெட்விக்கைத் தேடிக் கண்டுபிடித்து, கையுறையால் தன் இடது முழங்காலை இரண்டு முறை தட்டிக் காட்டினார். அடுத்த வருடமும் மால்தே நம் அணியில்தான் என்று தலைமைப் பயிற்சியாளர் வானொலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை முடித்து நேராக வந்திருந்த ஹெட்விக்கின் அப்பா, வெளியே காரோடு நின்றிருந்தார்.

"யாரு ஜெயிச்சது? என்ன ஆச்சு, சொல்லு."

ஹெட்விக் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கத்திக் கத்திக் குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. பதில் சொல்லப்போன ஆல்வாரின் வாயைப் பொத்தினாள். இதை அவள்தான் சொல்ல வேண்டும்.

பையைக் கீழே போட்டுவிட்டு, பனி மூடிய அந்த வாகன நிறுத்தத்தில் சறுக்கிக்கொண்டு ஓடினாள். முதலில் மால்தே ஆனாள். பிறகு துரத்தும் இரண்டு பேரும் ஆனாள். வாயைப் பிளந்து நிற்கும் கோல் கீப்பர் ஆனாள். ஒரு காரைச் சுற்றி இடது பக்கமாகச் சுழன்றாள். கடைசியில் பக்காக மாறிக் குப்புற விழுந்து, அப்பாவின் காலடிவரை வழுக்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று கைதட்டினார்கள்.

அப்பா குனிந்து அவள் மூக்கிலிருந்த பனியைத் துடைத்தார்.

"எல்லாம் புரிஞ்சுது," என்றார். "அந்தத் திருப்பத்தை மட்டும் இன்னொரு தடவை காட்டு."

ஹெட்விக் அதற்குள் எழுந்து ஓடத் தொடங்கியிருந்தாள்.