மழை கேட்டவள்

ஜெபக்கனி காலையில் உப்பளத்துக்கு வந்தால் வானத்தைப் பார்ப்பதில்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பூமியின் சூட்டைத் தணிக்க மேலே தூவிய சாம்பல் தூசி, வான்திரை என்ற பெயரில், அவள் கலியாணமாகி வந்த காலத்திலிருந்து அப்படியே கிடக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் வெயில் என்பது பேச்சில் மட்டும்தான் மிச்சம். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாத்திக்குள் கால் வைப்பாள். உள்ளங்காலில் சூடு ஏறினால் அன்றைக்கு வேலை உண்டு.

சூடு வருவது அடியிலிருந்து. அளம் முழுக்க மண்ணுக்குள் கணினி வரைகலை அட்டைகளை எண்ணெய்த் தொட்டிகளில் முக்கி இறக்கியிருந்தார்கள். கொதிக்கிற எண்ணெய் குழாய் வழியே ஓடிப் பாத்தியின் தரையைச் சுட வைக்கும். உப்புத் தண்ணீர் வற்றும். அந்த அட்டைகளுக்கு வேலை, நகரத்தின் வானத்தை வரைவது. சாம்பலையே பார்த்துப் பார்த்து ஜனங்கள் ஒடுங்கிப்போகிறார்கள் என்று நகரத்துக்கு மேல் ஒளிக்கூரை போட்டு, சூரியன், மேகம், அந்தி எல்லாவற்றையும் அசைவரைகலையாக ஓட்டினார்கள். அதில் மிஞ்சிய சூட்டில்தான் உப்பு விளைந்தது.

இதில் ஒரு கூத்து உண்டு. தெளிந்த நீல வானம் என்றால் அட்டைகளுக்குப் பெரிய பாடு இல்லை. பாத்தி வெதுவெதுப்போடு நின்றுவிடும். மழை என்றால் ஒவ்வொரு துளியையும், அது தெறிப்பதையும், மேகத்துக்குள் வெளிச்சம் புகுந்து வருவதையும் கணக்குப் போட்டு வரைய வேண்டும். அப்போதுதான் அட்டைகள் கொதிக்கும். அந்தக் காலத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தாலே உப்புக் குவியலை மூட ஓடிய குடும்பத்துப் பெண்கள், நகரத்தில் ஒரு மழை பெய்யாதா என்று ஏங்கிக் கிடந்தார்கள்.

"ஏட்டி கனி, இது என்ன பாத்தியா, பிள்ளைய குளிப்பாட்டுத தண்ணியா?" என்றாள் சொர்ணபுஷ்பம். கூட உப்பு வாருகிறவள். "மேல வானம் வரையுத பிள்ள புதுசா என்னமோ செருகிட்டாளாம். நேத்து மேகம் ஓடிச்சு, ஆனா சூட்டக் காணோம்."

"அந்தப் பிள்ளகிட்ட கேட்டுட்டு வாரேன்."

"கேக்கதோட நிக்காத. காலப் பிடிச்சாவது வாங்கிட்டு வா. சனிக்கிழமைக்குள்ள உப்பு இறுகலன்னா பாத்திய மூடிருவோம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டுப் போயிருக்கான். அட்டைய ஆத்த இனி நம்ம பாத்தி தேவையில்ல பாத்துக்கோ."

அளத்து அலுவலக மாடியில், குளிர்ந்த அறையில், வான்வரைஞர் ஜெசிந்தா திரையைப் பார்த்தபடி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"புது செருகுநிரல் வந்திருக்கு அக்கா. ப்ளகின். நாலு துளி வரைஞ்சா போதும், மத்ததை அதுவே ஊகிச்சுப் போட்டுக்கும். அட்டைக்கு நோவே கிடையாது."

"எங்களுக்குல்லம்மா நோவு. பழசு இருக்கா?"

"இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் எதை ஓட்டணும்கிறது என் இஷ்டம்தான்."

"அப்ப பழசுலயே மழையப் போடு தாயி. விடாத மழை."

ஜெசிந்தா சிரித்தாள். "உப்பளத்துக்காரங்க வந்து மழை கேக்கறது எனக்கு இன்னும் பழகல" என்று சொல்லிக்கொண்டே பழைய செருகுநிரலை ஏற்றினாள்.

நகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைக்காத மழை, சத்தம்கூட ஒளிக்கூரையின் ஒலிபெருக்கியில் வருவது; ஆனாலும் நகரத்து ஜனங்கள் பழக்க தோஷத்தில் குடை பிடித்து நடந்தார்கள். இங்கே பாத்தியில் ஆவி எழும்பியது. ஓரங்களில் வெள்ளை பூத்தது. பெண்களுக்குக் காலில் துணி சுற்றாமல் நிற்க முடியவில்லை. சொர்ணபுஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கொட்டுடி ராசாத்தி, கொட்டு!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

ஜெபக்கனியின் புருஷன் சிலுவைமுத்து நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். உப்புத்தூசி நெஞ்சை அரித்துவிட்டது. மூக்கில் காற்றுக்குழாய், ஜன்னலோரக் கட்டில். சின்ன வயதில் நிஜ வெயிலில் அளத்துக்குப் போனவன் அவன். ராத்திரி மழையில் ஒரு வருஷத்து உப்பு கரைந்து ஓடியதைக் கண்ணால் கண்டவன். மழை தொடங்கிய அன்றைக்கே போனில் கூப்பிட்டான்.

"ஏளா, இங்க கொட்டுது. உப்ப மூடியாச்சா?"

"அது வரைஞ்ச மழைல்லா. இங்க ஒரு சொட்டு இல்ல."

"தெரியும் தெரியும். சும்மா கேட்டேன்."

மறுநாளும் சும்மா கேட்டான். அதற்கடுத்த நாள் நர்ஸ் கூப்பிட்டாள். குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே கிளம்பிவிட்டாராம். பஸ் நிறுத்தத்தில் மூச்சு முட்டி விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்திருக்கிறார்களாம். "உப்பு கரையுதுன்னே சொல்றாரு. ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னொரு தடவ எந்திரிச்சுப் போனா நாங்க பொறுப்பில்லம்மா" என்று போனை அவனிடம் கொடுத்தாள்.

"என்ன காரியம் செஞ்சிய?" என்றாள் ஜெபக்கனி.

"புத்திக்குத் தெரியுது கனி. இந்தச் சத்தம் கேட்டா காலு நிக்க மாட்டேங்கு." இரண்டு சொல்லுக்கு நடுவே மூச்சை இழுத்தான். "எப்பதான் விடுமாம்?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "நாந்தான் கேட்டேன். மழை இல்லன்னா பாத்தி காயாது. காயலன்னா மூடிருவாங்க."

கட்டில் கிரீச்சிட, அவன் எழுந்து உட்காருவது போனில் கேட்டது.

"நீயா?" என்றான். "மழையவா கேட்ட?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அவன் திட்டவில்லை. "சரி, ஒனக்கும் வேற வழியில்ல" என்றான். பின்னால் மழை அறைகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கேட்டதும் அவளுடைய கையும் உப்பை மூடத் தார்ப்பாயைத் தேடியது.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியேறினாள்.

"வெயிலப் போடு தாயி."

ஜெசிந்தா நாற்காலியைத் திருப்பினாள். "நாளைக்கு விடிஞ்சா உப்பு இறுகிடும் அக்கா. ஒரு நாள்தான். இப்ப நிறுத்தினா எல்லாம் போச்சு. கீழ அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிடுதேன். நீ போடு."

நகரத்தின் மேல் மேகம் கலைந்து, மஞ்சள் வெயில் விழுந்தது. ஜெபக்கனி அதைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோரக் கட்டிலில் அது எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று யோசித்தாள். நர்ஸின் போன் வரும்வரை அங்கேயே நின்றுவிட்டுக் கீழே இறங்கினாள்.

பெண்கள் பாத்திக் கரையில் கூடி நின்றார்கள். ஆவி அடங்கியிருந்தது. சொர்ணபுஷ்பத்தின் முகம் கறுத்திருந்தது.

"நீதான் நிறுத்தச் சொன்னியா?"

"ஆமா."

"எங்க பொழப்புல கை வைக்க ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அவுகளால படுக்க முடியல. எந்திரிச்சு ஓடியாராக, உப்ப மூட."

ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஒருத்தி அழுதாள். சொர்ணபுஷ்பம் நகரம் இருக்கும் திக்கைப் பார்த்தாள். அவள் அப்பனும் அந்தக் காலத்து அளத்துக்காரன்தான்.

"இப்ப எப்படியிருக்காரு?"

"தூங்கிட்டாராம்."

"தூங்கட்டும்." வாருபலகையை எடுத்து ஜெபக்கனியின் கையில் வெடுக்கென்று திணித்தாள். "ஒங்கூட எனக்குப் பேச்சில்ல. இருக்கத வாரு."

இருவரும் பாத்தியில் இறங்கினார்கள். பலகையை இழுக்க இழுக்க, முக்கால் பதத்தில் நின்றுபோன உப்பு சேறாக வந்தது. கரையில் குவித்தால் நிற்காமல் சரிந்து, திரும்பவும் தண்ணீருக்கே ஓடியது. அவர்கள் திரும்பவும் வாரினார்கள்.