இடது நெருப்பு, வலது தண்ணி

"ஐயோ...!"

அந்த அலறலில் பட்டறையின் தகரக் கூரையே அதிர்ந்தது!

அலறியவள் மனைவி. தரையில் மல்லாந்து கிடந்தவர் அவள் கணவர். தெருவே 'விஞ்ஞானி' என்று கூப்பிடும் மனிதர். வெள்ளைச் சட்டையின் மார்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு!

திறந்த ஜன்னலுக்கு வெளியே, புல்லில் ஒரு வேட்டைத் துப்பாக்கி.

அவளுடைய அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தான். விஞ்ஞானியின் தொழில் கூட்டாளி.

"மாப்ள! போயிட்டியா மாப்ள!"

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர். குனிந்தார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தார்.

பிணம் சிரித்தது!

"விடுங்க சார்... கூசுது..."

மனைவி பாய்ந்து வந்து உலுக்கினாள்.

"தொண்டை கிழியக் கத்தறேனே... ஒரு கண்ணையாவது திறந்து காட்டக் கூடாதா?"

"காட்டினா நீ கத்தறதை நிறுத்திடுவே. சுட்டவன் திரும்ப வந்து ஒழுங்கா சுட்டிருப்பான்!"

"யாரு அவன்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஜன்னல்ல குழல்தான் தெரிஞ்சுது சார், ஆள் தெரியலை. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். நெஞ்சுல கடுகு கொட்டின மாதிரி ஈயக் குண்டு. அப்புறம் ஒரே கரி! நாளைக்கு இந்த மெஷினை என் பேர்ல மட்டும் பதிவு பண்றேன். யாருக்கோ பொறுக்கலை. நீங்க அவனைப் பிடிக்காட்டி இன்னிக்கே மறுபடி வருவான்!"

பட்டறை நடுவில் நின்றது அந்த மெஷின். தலையில் இரண்டு டப்பாக்கள். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் அளவாகத் தூள் விழும். ஒன்றில் வெடிமருந்து... காலித் தோட்டாக்களை மறுபடி நிரப்ப. மற்றதில் கரித்தூள்... குடிநீரைச் சுத்தம் செய்ய. இரண்டுமே கறுப்பு. எவனும் காப்பியடிக்கக் கூடாதென்று டப்பாவில் பெயர்கூட எழுதவில்லை.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியிலிருந்து சுட்ட தோட்டாவை உருவினார்.

"வாய்ல ஆறு மடிப்பு!" விஞ்ஞானி துள்ளினார். "என் மெஷின்தான் சார் இப்படி மடிக்கும்!"

"ரெண்டும் கறுப்பு. எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"இடது நெருப்பு, வலது தண்ணி. எங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப தோட்டாவுல மருந்துக்குப் பதிலா ஏன் கரி?"

"சுட்டவன் மண்டு சார்! சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாத மண்டு!"

அண்ணனின் காது சிவந்தது.

"அப்படிச் சட்டுனு சொல்லிட முடியாது மாப்ள..."

"பச்சைக் குழந்தை பண்ற தப்பு மச்சான்! இவனெல்லாம் ஒரு கொலைகாரன்..."

"யாருடா குழந்தை?" அண்ணன் வெடித்தான். "மூணு வருஷத்துல ஒரு அளவு தப்பியிருக்கா? இடது டப்பாதான்! ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் கைப்பிடியைச் சுத்தினேன்!"

"அண்ணா... நீயா?" மனைவி அவன் சட்டையைப் பிடித்தாள்.

விஞ்ஞானி மெஷினுக்கு அடியில், ஜன்னல் பக்கத் தரையைக் காட்டினார். கரித்தூள் சிந்தியிருந்தது.

"இடதுதான் மச்சான்... கதவுப் பக்கம் நின்னா! தோட்டா நிரப்ப நீ திருட்டுத்தனமா ஜன்னல் வழியா குதிச்சு, மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டே!"

அண்ணன் தன் கைகளை மாறி மாறிப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"கையை நீட்டுப்பா. எந்தக் கைன்னு குழம்பாதே... ரெண்டும்தான்!"