சவப்பெட்டிக்காரி

அவன் மட்டும் அலறவில்லை.

பொருட்காட்சித் திடலில் போட்டிருந்த பேய் வீடு அது. சவப்பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு முனீஸ்வரி எழுந்து கத்தியதும், காலேஜ் பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் விழுந்து ஓடினார்கள். பின்னால் வந்த ஆள் நின்றான். ஊதா விளக்கில் அவனுடைய வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. தலையைச் சாய்த்து அவள் அலறலைக் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

முகமூடிக்குள் அவளுக்கு வேர்த்தது. பேய் வேடம் போடுகிறவளுக்குப் பயம் வரக் கூடாதா என்ன? புருஷன் வீரணனிடமிருந்து உயிர் தப்பி, பேரையூரை விட்டு ஓடிவந்தவள் அவள். அகப்பட்டால் வெட்டிப்போடுவேன் என்று அவளுடைய அண்ணன் வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான். சிம்மக்கல் கடைவீதியில் வேலைக்கு நின்றால் எவனாவது பார்த்துச் சொல்லிவிடுவான். இங்கே நாள் முழுக்க முகமூடி. முகத்தைத்தான் மறைத்தாள், பாவி மகள். தொண்டையை மறைக்கத் தோன்றவில்லை. எல்லோரும் மெச்சுகிற அந்த அலறல், அவன் அடித்து அடித்துப் பழக்கியது.

மறுபடி பெட்டிக்குள் படுத்தாள். வெளியே மத்தியான வெயில் தகரத்தைக் காய்ச்ச, உள்ளே ஈரச் சாக்கும் சாம்பிராணியும் ஜெனரேட்டர் டீசலும் கலந்து மூக்கை அடைக்க, சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, அதற்கு நடுவில் ஒரே ஒரு செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் வந்தது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. அந்த நடை வாசலில் கேட்டாலே அடுப்படி மூலையில் போய் ஒடுங்கிக்கொள்வாள்.

செருப்பு பெட்டியருகே நின்றது.

தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்குகளையும் சத்தத்தையும் பார்த்துக்கொள்கிற மைக்கேல்ராஜ் ஸ்பீக்கரில் சொன்னான். "அக்கா, ஆள் நிக்கிறாருல்ல. எந்திரிச்சுக் கத்துங்க."

அவள் கத்தவில்லை. கத்தினால் தெரிந்துவிடும்.

மூடி நகர்ந்தது. பெட்டி விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்களின் மேல் இறங்கியது. மெதுவாக அழுத்தினான். எலும்பு நெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம்.

"கத்து புள்ள," என்றான். வீரணனின் குரல்தான். "ஒரே ஒருக்கா. நீதானான்னு கேட்டுட்டுப் போயிடுறேன்."

மறுபடி அழுத்தினான். இன்னும். கத்திவிட்டாள்.

"நீதான்," என்றான். முதுகுப்பக்கம் சட்டைக்குள்ளிருந்து அருவாளை உருவினான்.

முதல் வெட்டு தோளில்.

"மைக்கேலு... கொல்றான்யா... நெசமாவே கொல்றான்..."

ஸ்பீக்கரில் சிரிப்பு. "செமக்கா. அப்படியே விடாம கத்துங்க, அடுத்த கூட்டம் வருது." சிவப்பு விளக்கை மின்னவிட்டான். பதிவுசெய்து வைத்திருந்த அலறல்களையும் கூட்டிவைத்தான். அவள் குரல் அதில் அமுங்கியது.

சிவப்பு. வெட்டு. இருட்டு. வெட்டு.

கூட்டம் வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. யாரோ விசிலடித்தார்கள். நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல் வீரணன் சற்று ஒதுங்கி நின்றான்.

அவள் பெட்டியிலிருந்து சரிந்து விழுந்தாள். ஊர்ந்தாள். முகமூடி கழன்றது. கையை நீட்டினாள். வாய் அசைந்தது. சத்தமில்லை.

கயிற்றுக்கடியில் குனிந்து ஒரு சின்னப்பிள்ளை தரையைத் தொட்டுப் பார்த்தது.

"அம்மா, இது சுடுது."

"தொடாத பாப்பா, சாயம். கவுன்ல ஒட்டிக்கும்," என்றபடி அந்த அம்மாள் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

வீரணன் மறுபடி ஓங்கினான். எல்லோரும் கை தட்டினார்கள்.